தெனிசுக் களம்

விருத்தாம்பாள் கூழ்ச்சட்டியைத் தலையிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட்டாள். புருஷன் ஆதிமூலம் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கன்னத்தை மண்ணோடு ஒட்ட வைத்து, ஒற்றைக் கண்ணால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கோவணம், தலையில் முண்டாசு, காலில் வெள்ளைச் சப்பாத்து. ஊர்த் தலைவரான மேர் ஐயாவின் மகன் போட்டுக் கழித்த சப்பாத்து அது. ஆதிமூலத்தின் காலுக்கு இரண்டு விரற்கடை பெரிது என்று முனையில் தேங்காய் நார் அடைத்திருந்தான். ஒரு மாதமாக இந்தக் கோலத்தைப் பார்த்தும் அவளுக்குப் பழகவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

"இன்னாய்யா பாக்கற அங்க? பொதையலு தெரியுதா?"

"தோ, அந்த மூலையில ஒரு நெல்லு ஒசரம் மேடு தட்டுது. பந்து அங்க உழுந்தா கோணலா எழும்பும்."

"நெல்லா? நெல்லுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் இருக்குதா ஒனக்கு? அறுத்துப் போட்டு இன்னியோட நாலு நாளு ஆவுது. மானத்தப் பாத்தியா? தெக்கால எப்படிக் கறுத்துக் கெடக்குதுன்னு?"

ஆதிமூலம் எழுந்து வானத்தைப் பார்க்காமல் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். தட்டிய மண் களத்தில் விழாதபடி, சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வந்து தட்டினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. வீட்டில் சாப்பிட்ட இடத்தில் கை கழுவுகிற மனுஷன், இங்கே ஒரு பொடி மண்ணுக்கு இவ்வளவு பார்க்கிறான்.

"சனிக்கெழம தொறப்புக்குப் பெரிய முசே தொரை வராரு. அது முடியட்டும். ஞாயித்துக்கெழம அடிச்சுடலாம்."

"நெல்லு ஒன்னக் கேட்டுகினு மொளைக்குமா?"

அவன் கூழைக் கரைத்துக் குடித்தான். சுட்ட கருவாட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே கண்ணை மட்டும் அந்த மூலையிலேயே வைத்திருந்தான். உருளை இழுக்கிற வீரப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு என்று தன் சோற்று மூட்டையோடு வேப்பமரத்துப் பக்கம் போனான்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் கடைசியாக இருக்கிற சித்தேரிமேட்டில் பெரிய குடும்பங்களுக்கெல்லாம் சொந்தக் களம் உண்டு. முக்கால் காணி, அரைக் காணி வைத்திருக்கிற பதினோரு வீட்டுக்கு மட்டும் ஊர்ப் பொதுக்களம்தான் கதி. நாலு தலைமுறையாக மிதித்து, மெழுகி, அடித்து, கல் மாதிரி இறுகின மேட்டுக்களம். அந்த மேடுதான் மேர் மணவாள ரெட்டியார் கண்ணில் பட்டது.

ரெட்டியார் ஆவணியில் புதுச்சேரிக்குப் போயிருந்தார். அங்கே பிரெஞ்சுத் துரைமார்கள் கோடு போட்ட தரையில் நின்றுகொண்டு, நடுவில் வலை கட்டி, பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தெனிசு விளையாடுவதைப் பார்த்தார். ஒவ்வொரு ஊர்க் கொம்யூனிலும் பொதுமக்களுக்கு ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று பெரிய முசே என்கிற துரை ஒருவர் சொல்ல, முதல் மைதானம் நம்முடையதாக இருக்கட்டும் என்று இவர் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை 'பொது'. "பொதுக்களம் பொதுக்களமாத்தான் இருக்கப் போவுது. இப்பவும் எல்லாருக்கும், அப்பவும் எல்லாருக்கும்" என்றார். அப்போது நாற்றுகூட விடவில்லை. அறுப்பு எங்கேயோ இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் வேறு களம் போட்டுத் தருகிறேன் என்றார். பதினோரு வீட்டு ஆம்பளைகளும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் அன்று முழங்கால் அளவு கோரை நின்றது. இன்றைக்கும் அதே கோரைதான் நிற்கிறது.

தரை போடுகிற கை யாருக்கு என்று கேட்டபோது எல்லாரும் ஆதிமூலத்தைக் காட்டினார்கள். கொம்யூன் கச்சேரிக்கே கூப்பிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேலை முடிந்தால் மைதானக் காவல் உத்தியோகம் உனக்குத்தான் என்று மேர் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனியன். விருத்தாம்பாள் அப்படித்தான் சொல்வாள்.

வேலையாவது ஒழுங்காக நடந்ததா? அதுவும் இல்லை. ஆதிமூலம் ஏரிக் களிமண்ணும் ஆற்று மணலும் கலந்து, மிதித்து, பத்தே நாளில் பட்டுப்போல ஒரு தரை போட்டான். அளவு பார்க்க வந்த வெள்ளைக்கார இன்ஜினீர் சூரியனைக் காட்டி, தரையைக் காட்டி, தலையில் கை வைத்துக்கொண்டார். ஆதிமூலம் கிழக்கு மேற்காக நீளம் வைத்திருந்தான். களம் என்றால் அப்படித்தானே வைப்பார்கள்? மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கே இருந்து வரும். தூற்றினால் பதர் மேற்கே நீளமாகப் பறந்து விழ இடம் வேண்டும். காற்றைப் பார்த்து இவன் வைத்தான். இன்ஜினீருக்கோ வெயில்தான் கணக்கு. சாயங்கால வெயில் ஆடுகிறவன் கண்ணில் அடிக்குமாம், தெற்கு வடக்காகத் திருப்பு என்றார். மேட்டைக் கொத்தி, அகலப்படுத்தி, மறுபடியும் முதலிலிருந்து.

பிறகு கல்லுருளை. கடலூர்ப் பக்கமிருந்து வண்டியில் வந்த உருளை எல்லையில் சுங்கச் சாவடியில் மாட்டிக்கொண்டது. இங்கிலீஷ்காரன் கல்லுக்குப் பிரெஞ்சுக்காரன் ஊரில் என்ன தீர்வை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இருபத்திரண்டு நாள் சாவடி வாசலில் உருளை கிடந்தது. அதற்குள் ஐப்பசி மழை வந்து, காய்ந்ததும் தரை வெடித்தது. ஆதிமூலம் சாணி மெழுகினான். சாணி வாடை ஆகாது, சுரண்டு என்றார் இன்ஜினீர். சுரண்டியதும் மறுபடி வெடித்தது. கடைசியில் அவரே வந்து, அந்தச் சாணியையே மெழுகு என்று சொல்லிவிட்டுப் போனார். வலை வர ஒரு மாதம். வலை வந்த பிறகு அதைக் கட்டுகிற கம்பம் வர ஒரு மாதம். எல்லாம் வந்து சேர்ந்தபோது தை பிறந்து, மதகடியில் முதல் தண்ணீர் வாங்கின விருத்தாம்பாள் வயல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. மற்ற பத்து வீட்டு நெல் இன்னும் பச்சையாக நின்றதால் இந்த அவதி அவளுக்கு மட்டும் முன்னால் வந்தது.

அதோடு ஒரு சட்டமும் வந்தது. அடிப்பாகம் ரப்பர் வைத்த சப்பாத்து இல்லாமல் யாரும் தரையில் ஏறக் கூடாது. மேர் அதைத் தண்டோரா போட்டே சொல்லவைத்தார். களத்து முகப்பில் நட்ட போர்டில் மேலே 'பொதுமக்களுக்கு' என்று எழுதியிருந்தது. சித்தேரிமேட்டில் ரப்பர் சப்பாத்து உள்ள பொதுமக்கள் மேரும் அவர் மகனும்தான். நாலு மாதம் அந்தத் தரையைப் பாதத்தால் மிதித்து மிதித்து இறுக்கினவனே, ஏறி உருளை இழுக்க நார் அடைத்த சப்பாத்து போட வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் விருத்தாம்பாள் மேர் வீட்டுக்கே போனாள். பின்கட்டில் ரெட்டியார் சம்சாரம் தையலம்மாள் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நாளு ஒங்க களத்த உட்டீங்கன்னா போதும். காலையில ஆரம்பிச்சா பொழுதுக்குள்ள தூத்தி அள்ளிகினு போயிடுவேன்."

"எங்க களத்துல எங்க கட்டே இன்னும் பாதி அடிக்காம கெடக்குது விருத்தாம்பா. அமாவாச கழிச்சு வாயேன்."

"அமாவாசைக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்குதும்மா. அதுக்குள்ள மொளவுட்டுடும்."

"அதுக்கு நான் இன்னாடி பண்றது? எனக்கும் இந்தத் தெனிசால தலைவலிதான். வர்ற தொரைக்கு முட்டை போடாத கேக்கு வேணுமா, முட்டை போட்ட கேக்கு வேணுமான்னு நாலு நாளா இவுரு என் உசுர வாங்கறாரு. கேக்குன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது."

அவளைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. விருத்தாம்பாள் திரும்பினாள். ரோட்டில் போட்டு அடிக்கலாம் என்றால், துரை கார் வருகிறது என்று ரோட்டுக்குத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். வயலிலேயே அடிக்கலாம் என்றால் ஈரம் இன்னும் காயவில்லை, கால் வைத்தால் உள்ளே போகிறது.

வியாழக்கிழமை விடியற்காலையில் தூறல் போட்டது. பெரிய மழை இல்லை. புடவைத் தலைப்பை நனைக்கிற அளவுதான். ஆனால் அது போதும். விருத்தாம்பாள் வரப்புக்கு ஓடினாள். அடுக்கியிருந்த கதிர்க்கட்டுகளுக்கு நடுவில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. புளிச்ச வாடை லேசாக அடித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் கட்டோடு முளைத்துவிடும். வருஷச் சோறும் போய், விதை நெல்லும் போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது? அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வானத்தின் மேல் கோபம், மேர் மேல் கோபம், கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு நெல் உயரம் மேட்டைத் தேடுகிற புருஷன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆதிமூலம் விடிவதற்குள்ளேயே சுண்ணாம்புக் கோடு போடப் போய்விட்டான். விருத்தாம்பாள் தனக்கொடியையும் சின்னபொண்ணையும் கூப்பிட்டாள். தெருவில் இன்னும் நாலு பொம்பளைகள் கூப்பிடாமலே வந்தார்கள். பதினைந்து நாள் போனால் தங்கள் நெல்லுக்கும் இதே கதிதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"எங்கடி அடிக்கப் போறோம்?" என்றாள் தனக்கொடி.

"எப்பவும் அடிக்கற எடத்துலதான்."

கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு பேரும் வரிசையாக மேட்டுக்கு ஏறினார்கள். ஆதிமூலம் சுண்ணாம்புச் சட்டியோடு நிமிர்ந்தான். அவர்கள் வருகிற வேகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். ஓடிவந்து கயிற்றுக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"ஏ, ஏ! எங்க வரீங்க? கோடு ஈரம் காயல!"

"தள்ளுய்யா."

"மேரு ஐயா கொன்னுபுடுவாரு. நாளைக்குக் காலையில தொறப்பு. நாலு மாசத்து ஒழப்புடி இது!"

"இதுவும் நாலு மாசத்து ஒழப்புதான். நாத்து நட்டது யாரு, களை எடுத்தது யாரு, அறுத்தது யாரு? நீ இங்க ஒக்காந்து மேடு பாத்துகினு இருந்த, நான் அங்க குனிஞ்ச இடுப்ப நிமித்தல."

"சப்பாத்து இல்லாம ஏறக் கூடாதுடி."

"நீ மிதிச்சப்ப சப்பாத்து போட்டுதான் மிதிச்சியா?"

தனக்கொடி சிரித்துவிட்டாள். ஆதிமூலத்தின் முகம் சுண்டிப் போயிற்று. விருத்தாம்பாள் தலைமேல் இருந்த கட்டை இறக்கி அவன் காலடியில் போட்டாள். குரல் தணிந்தது.

"ஒண்ணும் வாணாம். இதுல கைய வுட்டுப் பாரு. பாத்துட்டு நீயே சொல்லு, எடுத்துகினு போயிடறேன்."

அவன் குனிந்து கையை விட்டான். விட்ட கையை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதிரில் ஒரு நெல்லை உருவி நகத்தால் கிள்ளிப் பார்த்தான். முளை முனையில் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி, நாரை உதறி, வலைக் கம்பத்தில் மாட்டினான். பிறகு வலையை அவிழ்க்கத் தொடங்கினான்.

"வீரப்பா, அடிக்கற கல்ல உருட்டியாடா" என்றான்.

முதல் கட்டை அவனே அடித்தான். தாள் கல்லில் பட்டு நெல் தரையில் சிதறியபோது எழுந்த சத்தத்தை எல்லாரும் கேட்டார்கள். மண் ஒட்டவில்லை, ஒரு நெல் பொதியவில்லை. இதுமாதிரி களம் இந்த ஏரிப் பாசனத்தில் எவனும் பார்த்திருக்க மாட்டான் என்று விருத்தாம்பாளுக்கே தோன்றியது. அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் ஏறிக்கொள்வான்.

பகலெல்லாம் அடித்தார்கள். சின்னபொண்ணு வீட்டிலிருந்து மொச்சைக்கொட்டைக் குழம்பும் சோறும் வந்தது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் ஆதிமூலம் மேற்குப் பக்கம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். தெற்கு வடக்காகப் போட்ட தரையில் மேற்கே இடம் போதவில்லை. பதர் அத்தனையும் கயிற்றைத் தாண்டி, நாளைக்குத் துரைமார் உட்காரப் போட்டிருந்த பந்தலுக்குள் போய் விழுந்தது. "நான் அப்பவே சொன்னேன். கேட்டாங்களா?" என்று முறம் முறமாகத் தூற்றிக்கொண்டே திட்டினான். கேட்கிறதற்கு விருத்தாம்பாளுக்கு நன்றாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அவள் புருஷன் பேசுகிற மாதிரி பேசினான்.

தூற்றின நெல் பொலியாகக் குவிந்தபோது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு நெல் அளக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பார்கள். பொலியைச் சுற்றிச் சாணிப்பால் விட்டுக் குறி போட்டு, உச்சியில் அருகம்புல் செருகின சாணிப் பிள்ளையாரை வைத்தார்கள். அப்படிக் குறி போட்டுவிட்டால் காலையில் உடையவன் வந்து அளக்கிற வரைக்கும் ஒரு கைப்பிடி நெல்லை யாரும் தொட மாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் தொட மாட்டான்.

சனிக்கிழமை காலையில் மேர் மணவாள ரெட்டியார் கோட்டும் சப்பாத்துமாக வந்து பார்த்தார். காகிதக் கொடி கட்டின பந்தலுக்குள் கணுக்கால் அளவு பதர். வலை வைக்கோல் போர்மேல் சுருண்டு கிடந்தது. களத்துக்கு நட்டநடுவில் பொலி, அதன் உச்சியில் பிள்ளையார்.

"ஆதிமூலம்! இன்னாடா இது?"

"நெல்லுங்க ஐயா."

"நெல்லுன்னு எனக்குத் தெரியாதா? எட்டு மணிக்குப் பெரிய முசே வராருடா! ஒன்ன நம்பித்தான்டா கொம்யூனே இருக்குது. டேய், வாரித் தள்ளுடா ஓரமா!"

டவாலி போட்ட சேவகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். வெட்டியைப் பொலியில் வைக்கப் போனான். "தொடாதடா!" என்று ஒரு கத்தல். கத்தினது மேர்தான். தன் குரலைக் கேட்டுத் தானே திகைத்துப் போனவர் மாதிரி நின்றார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குறி போட்ட பொலிடா, மடையா. அத எப்படி வெட்டியால தொடுவ?" என்றார் தணிந்த குரலில். ஆதிமூலத்தின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "அள. சீக்கிரம் அள. கார் வர்றதுக்குள்ள இது எடுபடலன்னா காவல் உத்தியோகத்த மறந்துடு, சொல்லிட்டேன்."

ஆதிமூலம் தலை குளித்து, நெற்றியில் திருநீறோடு, நெல் அளக்கிற மரக்காலை வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். விருத்தாம்பாள் சாக்கை விரித்துப் பிடித்திருந்தாள். சூரியன் பனைமரத்துக்கு மேல் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் கார்ச் சத்தம் கேட்டது.

பெரிய முசே உயரமான மனிதர். மேலும் கீழும் வெள்ளை, கையில் பந்தடிக்கிற மட்டை. கூடவே குமாஸ்தா பலராமன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மேர் பதறிப்போய், பொலியை மறைத்து நிற்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கயிற்றைத் தாண்டிக் களத்துக்குள் காலை வைத்தார். துரையும் பின்னாலேயே காலைத் தூக்கினார்.

"ஐயா, சப்பாத்து" என்றான் ஆதிமூலம்.

விருத்தாம்பாள் சாக்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான்.

"இன்னாடா?" என்றார் மேர்.

"பொலி கெடக்குதுங்க. சப்பாத்தோட களத்துல ஏறக் கூடாது. அவுருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"டேய், சப்பாத்து இல்லாம ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான்டா!"

"அது தெனிசுக்குங்க. இது நெல்லுங்க."

உத்தியோகம் போயிற்று என்று விருத்தாம்பாள் நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். ஆனால் சாக்கின் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேர் தன் காலைப் பார்த்தார், பொலியைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். அவருக்கும் நூற்றைம்பது காணி உண்டு. அவர் அப்பா களத்தில் எச்சில் துப்பினவனைப் புளிய மிளாறால் அடித்தவர். காலைப் பின்னால் எடுத்தார். தொப்பையைத் தாண்டிக் குனிய முடியாமல் சேவகனைக் கூப்பிட்டு முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.

துரை பலராமனிடம் என்னவோ கேட்டார். இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பலராமன் இவ்வளவு நேரம் பதில் சொன்னது விருத்தாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் கேட்ட பிறகு துரை, பதரைத் தட்டிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றினார். உரித்த கிழங்கு மாதிரி இருந்த அந்தக் காலைப் பார்த்துத் தனக்கொடி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஆதிமூலம் உட்கார்ந்தான். பிள்ளையாரை எடுத்து ஓரமாக வைத்தான். மரக்காலை நிரப்பித் தலை தட்டி, "லாபம்" என்று நீட்டிச் சொல்லிச் சாக்கில் கவிழ்த்தான். ஒன்று என்று எண்ணுவதில்லை, முதல் மரக்கால் லாபம்தான். பிறகு ரெண்டு, மூணு. எண்ணும்போது பேசக் கூடாது என்று மேரே வாயில் விரலை வைத்துத் துரைக்குக் காட்டினார்.

மூன்றாவது சாக்கு கட்டும்போது தெற்கே இருந்த மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. முதல் துளி விருத்தாம்பாளின் புறங்கையில் விழுந்தது. இரண்டாவது துளி பொலியில் விழுந்தது. மேர் அண்ணாந்து பார்த்தார்.

"படுதாவ அவுருங்கடா! பந்தல் படுதாவ இழுத்து நெல்லு மேல போடுங்கடா! எருமைங்களா, நின்னுகினு பாக்கறீங்களே!" என்று வெறுங்காலோடு ஓடி, தானே ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வீரப்பன் ஒரு முனை, சேவகன் ஒரு முனை. நாலாவது முனையைப் பிடிக்க ஆளில்லாமல், பக்கத்தில் நின்ற துரையே எட்டிப் பிடித்துக்கொண்டார். கொடிக் காகிதமெல்லாம் நனைந்து சாயம் வழிந்தது. சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடியது. படுதாவுக்குக் கீழே நெல் நனையவில்லை.

ஆதிமூலம் மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றுப் பக்கமே பார்த்தான். அங்கே மேருடைய சப்பாத்தும் துரையுடைய சப்பாத்தும், வலைக் கம்பத்தில் மாட்டின அவன் சப்பாத்தும் மழையில் ஊறிக்கொண்டிருந்தன.

"சப்பாத்தெல்லாம் நனையுதுடி" என்றான்.

"நனையட்டும்யா. நெல்லு நனையல இல்ல? அள்ளு."